17 பிரிவுகளுக்குள் ஒரு பெரிய வாக்குவாதம்

அறிவொளிக் காலத்துச் சிந்தனையாளர்கள் என்றால் லாக், மாண்டெஸ்கியூ, வால்டேர், ரூசோ என்று நாலு பெயரையும் ஒரே மூச்சில் சொல்லி, இவர்கள் எழுதியதால்தான் பிரெஞ்சுப் புரட்சி வந்தது என்று முடித்துவிடுவது நமக்குப் பள்ளியிலிருந்தே பழக்கம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அப்படிப் படித்ததில் இந்த நாலு பேரும் ஒரே கட்சிக்காரர்கள் என்ற எண்ணம் மனதில் தங்கிவிடுகிறது. அரசு எதற்காக இருக்கிறது, அதன் கையை யார் பிடித்து நிறுத்துவது, தனிமனிதனுக்கு முதலில் எதிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டால் ஒவ்வொருவரும் வேறு பதில் சொல்வார்கள், சில இடங்களில் ஒருவர் பதில் இன்னொருவர் பதிலை உடைத்துவிடும்.

இதை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் 1789 ஆகஸ்ட் 26 அன்று பிரெஞ்சு தேசிய சபை ஏற்றுக்கொண்ட மனித, குடிமக்கள் உரிமைப் பிரகடனத்தை எடுத்துப் படியுங்கள். மொத்தம் 17 பிரிவுகள்தான், கால் மணி நேரம் கூட ஆகாது. 2-ஆம் பிரிவு சுதந்திரம், சொத்து, பாதுகாப்பு, அடக்குமுறையை எதிர்த்தல் என நாலு இயற்கை உரிமைகளைச் சொல்கிறது. 7-ஆம் பிரிவுக்கு வந்தால், சட்டப்படி அழைக்கப்பட்ட குடிமகன் உடனே கீழ்ப்படிய வேண்டும், எதிர்த்தால் குற்றவாளி என்கிறது. சட்டம் என்பது பொது விருப்பத்தின், அதாவது எல்லோருக்கும் பொதுவான நன்மையை நாடும் மக்கள் விருப்பத்தின், வெளிப்பாடு என்கிறது 6-ஆம் பிரிவு. அதிகாரங்கள் பிரிக்கப்படாத சமூகத்துக்கு அரசியலமைப்பே கிடையாது என்கிறது 16-ஆம் பிரிவு. எல்லோரும் சுதந்திரமாகவும் சம உரிமையோடும் பிறக்கிறார்கள் என்று தொடங்குகிற ஆவணம், சொத்து புனிதமானது, மீறக்கூடாதது என்று முடிகிறது. அப்போது பிரெஞ்சுக் காலனிகளில் லட்சக்கணக்கான மனிதர்களே சட்டப்படி இன்னொருவரின் சொத்தாக இருந்தார்கள்.

எழுதியவர்கள் கவனிக்காமல் விட்ட முரண் என்று இதைச் சொல்ல முடியாது. ஆளுக்கொரு பயத்திலிருந்து பிறந்த யோசனைகளை அவர்கள் ஒரே தாளில் சேர்த்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பயங்கள் என்னென்ன என்று பார்த்தால் பிரிவுகள் ஒவ்வொன்றும் யார் குரலில் பேசுகின்றன என்று தெரிய ஆரம்பிக்கும். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: சுதந்திரம், இறையாண்மை என்று உரக்கப் பேசும் முதல் மூன்று பிரிவுகளைவிட, கைது, விசாரணை, தண்டனை பற்றிப் பேசுகிற 7, 8, 9 ஆகிய பிரிவுகள்தான் மனிதர்களை அதிகம் காப்பாற்றின என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் பயம் உள்நாட்டுப் போர். இங்கிலாந்தில் 1642-இல் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டது, 1649 ஜனவரியில் முதலாம் சார்லஸ் மன்னரின் தலையையே வெட்டினார்கள். தாமஸ் ஹாப்ஸ் அதற்கு முன்பே, 1640-இல், பாரிசுக்கு ஓடிவிட்டார். 1651-இல் அவர் வெளியிட்ட லெவியதன் நூலின் சாரம் இது: அரசு இல்லாத இடத்தில் ஒவ்வொருவனும் மற்றவனுக்கு எதிரி, ஆகவே உயிர் பிழைக்க வேண்டுமானால் எல்லா அதிகாரத்தையும் ஒரே கையில் ஒப்படைத்துவிடுங்கள். கேட்க சர்வாதிகாரப் பேச்சு போல இருக்கும், பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அதற்குள் ஒரு புரட்சி ஒளிந்திருந்தது. மன்னனுக்கு அதிகாரம் கடவுளிடமிருந்து வரவில்லை, மக்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்து வருகிறது என்று அவர் எழுதிவிட்டார். தன் உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமையை மட்டும் எந்த ஒப்பந்தத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார். கடவுளை நடுவிலிருந்து எடுத்தபிறகு, இந்த ஒப்பந்தத்தில் ஆள்பவன் தன் பங்கை மீறினால் என்ன செய்வது என்ற கேள்வி தானாக வந்து நிற்கும்.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஜான் லாக். அவருடைய பயம் ஹாப்ஸின் பயத்துக்கு நேர் எதிர். கலவரத்தைவிட மன்னனே அவருக்கு ஆபத்தாகத் தெரிந்தான். லாக் மருத்துவம் தெரிந்தவர், ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் வீட்டில் ஆலோசகராக இருந்தவர், அந்தப் பிரபு மன்னரை எதிர்த்த அணியின் தலைவர். 1683-இல் மன்னரைக் கொல்லச் சதி என்று சொல்லி எதிரணி ஆட்களைப் பிடிக்கத் தொடங்கியதும் லாக் ஹாலந்துக்குத் தப்பினார். பிடிபட்ட அல்ஜர்னான் சிட்னியின் கதி என்னவாயிற்று என்று பார்த்தால் லாக் ஏன் அவ்வளவு அஞ்சினார் என்று புரியும். தேசத்துரோக வழக்குக்கு இரண்டு சாட்சிகள் தேவை, அரசிடம் ஒரு சாட்சிதான் இருந்தது. சிட்னியின் வீட்டில் கிடைத்த, அச்சேறாத கையெழுத்துப் பிரதியையே இரண்டாவது சாட்சியாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. எழுதுவதும் செயல்தான் என்று சொல்லி டிசம்பரில் அவர் தலையை வெட்டினார்கள். லாக் தன் அரசு பற்றிய இரு ஆய்வுரைகளை 1689 கடைசியில், மன்னர் மாறிய பிறகுதான், அதுவும் பெயர் போடாமல் வெளியிட்டார். சாகும்வரை அது தன் நூல் என்று பொதுவில் ஒப்புக்கொள்ளவில்லை, உயிலில்தான் எழுதிவைத்தார்.

அந்த நூலில் அரசு என்பது மக்கள் நம்பி ஒப்படைத்த பொறுப்பு. உயிர், சுதந்திரம், உடைமை மூன்றும் அரசுக்கு முன்பே மனிதனுக்கு உண்டு, அவற்றைக் காக்கத்தான் அரசு, சம்மதம் இல்லாமல் வரி போட முடியாது, நம்பிக்கையைத் தொடர்ந்து மீறினால் மக்கள் ஆட்சியை மாற்றலாம். பிரகடனத்தின் 2-ஆம் பிரிவும் வரி பற்றிய 14-ஆம் பிரிவும் 17-ஆம் பிரிவின் சொத்துரிமையும் இவர் குரல். 1776-இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் ஒலிப்பதும் பெருமளவு இதுதான். அதே லாக், அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார். கரோலினா குடியேற்றத்துக்காக 1669-இல் எழுதப்பட்ட சட்டத்தில் அவர் கையும் இருந்தது, அந்தச் சட்டம் எசமானனுக்குக் கறுப்பின அடிமைகள் மேல் முழு அதிகாரம் கொடுத்தது. மத சகிப்பு பற்றி அழகாக எழுதிய இடத்திலும் கடவுள் மறுப்பாளர்களுக்கு இடமில்லை என்றார். இவற்றை ஓரத்தில் ஒரு குறிப்பாகத் தள்ளிவிட்டு லாக்கைப் புகழ்வது எனக்கு நேர்மையாகப் படவில்லை. உடைமையை உயிரோடு சேர்த்துக் கட்டிய அந்த முடிச்சுதான் பிறகு பிரெஞ்சுக் காலனியாக இருந்த ஹெய்ட்டியில் என்ன செய்தது என்று பார்ப்போம்.

மாண்டெஸ்கியூ வேறு மாதிரி ஆள். போர்தோ நகரின் உயர் நீதிமன்றத்தில் பரம்பரையாக வந்த நீதிபதிப் பதவியில் இருந்தவர், 1726-இல் அந்தப் பதவியை விற்றுவிட்டார். அன்றைய பிரான்சில் நீதிபதி வேலை வாங்கவும் விற்கவும் கூடிய ஒரு சொத்து. இங்கிலாந்தில் ஒன்றரை வருடம் போலத் தங்கி அங்குள்ள அரசமைப்பைப் பார்த்தார். 1748-இல் ஜெனீவாவில் பெயரில்லாமல் வந்த சட்டங்களின் சாரம் என்ற பெருநூலில் அவர் சொன்னது இவ்வளவுதான்: அதிகாரம் கையில் கிடைத்த எவனும் எல்லை வரும்வரை அதை நீட்டிக்கொண்டே போவான், நல்லவனாக இருந்தாலும் போவான், ஆகவே ஒரு அதிகாரத்தை இன்னொரு அதிகாரம் தடுக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். சட்டம் செய்கிறவனே தீர்ப்பும் சொன்னால் குடிமகனின் உயிர் அவன் இஷ்டத்துக்கு விடப்படும். நடைமுறைப்படுத்துகிறவனே தீர்ப்புச் சொன்னால் நீதிபதிக்கு ஒடுக்குகிறவனின் பலம் வந்துவிடும். ஆள்பவன் யோக்கியனா என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 16-ஆம் பிரிவு நேராக இங்கிருந்து வந்தது.

ஆசியா பற்றி அவர் எழுதியதை மட்டும் ஏற்கவே முடியாது. கீழை நாடுகளில் எல்லாம் கொடுங்கோல் ஆட்சி, அங்கே குடிமக்களுக்கு நிலையான சொத்துரிமையோ சட்டமோ கிடையாது என்று பயண நூல்களை வைத்து முடிவுகட்டினார். அதை மறுத்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். 1755-இல் புதுச்சேரியில் வந்து இறங்கி 1761 வரை இந்தியாவில் சுற்றிய ஆங்கெத்தில் துபெரோன், துருக்கி, பாரசீகம், இந்தியா மூன்றிலும் சட்டமும் சொத்துரிமையும் இருந்தன, மன்னனைக் கட்டுப்படுத்தும் வழக்கங்களும் இருந்தன என்று 1778-இல் ஒரு தனி நூலே எழுதினார். கீழை நாட்டுக்காரனுக்குச் சொத்தே இல்லை என்று சொல்வது அவன் சொத்தைப் பிடுங்க வருகிறவனுக்கு வசதி என்பதை அவர் அப்போதே கண்டுகொண்டார். அவர் நூலைப் படித்தவர்கள் குறைவு, மாண்டெஸ்கியூவைப் படித்தவர்களோ ஏராளம்.

அப்புறம் ரூசோ. ஜெனீவாவில் ஒரு கடிகாரத் தொழிலாளியின் மகன், மற்றவர்களைப் போல வசதியான குடும்பம் இல்லை. அவருடைய பயம் அடிமைத்தனம், அதிலும் பணம் உண்டாக்குகிற அடிமைத்தனம். 1762-இல் வந்த சமுதாய ஒப்பந்தத்தில், இன்னொருவனை விலைக்கு வாங்கும் அளவுக்கு ஒருவனும் பணக்காரனாக இருக்கக்கூடாது, தன்னையே விற்றுக்கொள்ளும் அளவுக்கு ஒருவனும் ஏழையாக இருக்கக்கூடாது என்று எழுதினார். மற்ற மூவரிடமும் இப்படி ஒரு வரியைத் தேடிப் பார்க்கலாம், கிடைக்காது. மாண்டெஸ்கியூ வியந்த இங்கிலாந்தைப் பற்றி, அந்த மக்கள் தேர்தல் நாளில் மட்டும்தான் சுதந்திரமானவர்கள், மறுநாள் மறுபடி அடிமைகள் என்றார். இறையாண்மையைப் பிரிக்கவும் முடியாது, பிரதிநிதி வைத்து நடத்தவும் முடியாது என்பது அவர் கட்சி. ஆகவே 6-ஆம் பிரிவு பொது விருப்பம் என்ற அவர் சொல்லை எடுத்துக்கொண்டு, கூடவே "நேரிலோ பிரதிநிதிகள் மூலமோ" என்று சேர்த்தபோது அவருடைய பாதிக் கொள்கையை விட்டுவிட்டது.

ஆனால் ரூசோவின் திட்டத்தில் தனிமனிதன் நிற்க இடம் மிகக் குறைவு. பொது விருப்பத்துக்குக் கீழ்ப்படிய மறுப்பவனை எல்லோரும் சேர்ந்து கட்டாயப்படுத்தலாம், அது அவனைச் சுதந்திரமாக இருக்கக் கட்டாயப்படுத்துவதுதான் என்றார். அரசு ஏற்படுத்தும் குடிமை மதத்தை ஏற்பதாகச் சொல்லிவிட்டு ஏற்காதவன் போல நடப்பவனுக்கு மரண தண்டனை என்றும் அதே நூலில் எழுதியிருக்கிறார். அந்த 1762-ஆம் வருடமே பாரிஸ் நீதிமன்றம் அவரைப் பிடிக்க ஆணை போட்டது, சொந்த ஊரான ஜெனீவா அவர் நூல்களை எரித்தது. அப்படி அலைக்கழிந்தவர், கூட்டத்தின் கையில் மாட்டிக்கொண்ட ஒற்றை மனிதனுக்கு என்ன பாதுகாப்பு என்று தன் நூலில் யோசிக்காமல் போனதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

அந்த ஒற்றை மனிதனைப் பற்றி யோசித்தவர்கள் வால்டேரும் பெக்காரியாவும். வால்டேரிடம் லாக் போல அரசியல் கோட்பாடு எதுவும் கிடையாது, நல்ல மன்னன் கிடைத்தால் போதும் என்று நினைத்தவர். ஆனால் 1726-இல் ஒரு பிரபு தன் ஆட்களை விட்டு அவரை அடிக்க வைத்தபோது, அடித்தவனை விட்டுவிட்டு அடிவாங்கியவரைப் பாஸ்டில் சிறையில் போட்டார்கள். விசாரணை இல்லாமல் உள்ளே போவது எப்படி இருக்கும் என்று அவருக்கு அனுபவத்திலேயே தெரியும்.

1761 அக்டோபர் 13 இரவு துலூஸ் நகரில் ழான் கலாஸ் என்ற புராட்டஸ்டன்ட் துணி வியாபாரியின் மூத்த மகன் கடைக்குள் இறந்து கிடந்தான். மகன் கத்தோலிக்கனாக மாறப் போனான், அதனால் தகப்பனே கொன்றுவிட்டான் என்று தெருவில் வதந்தி கிளம்பியது. தற்கொலை என்றால் பிணத்தைத் தெருவில் இழுத்துப்போய் அவமானப்படுத்துவார்கள் என்று அஞ்சிய குடும்பம் முதலில் ஒன்று சொல்லி பிறகு மாற்றிச் சொன்னது, அது போதுமானதாகிவிட்டது. துலூஸ் நீதிமன்றத்தில் ஒரு வழக்கம் இருந்தது: கால் சாட்சியம், அரைக்கால் சாட்சியம் என்று வதந்திகளைக் கூட்டிக்கொண்டே போய் முழுச் சாட்சியம் ஆக்கிவிடலாம். அப்படிக் கூட்டி, வயதான மனிதரைச் சித்திரவதை செய்து, 1762 மார்ச் 10 அன்று சக்கரத்தில் கட்டி எலும்புகளை உடைத்துக் கொன்றார்கள். கடைசிவரை அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. வால்டேர் மூன்று வருடம் விடாமல் கடிதம் எழுதி, பணம் திரட்டி, வழக்கறிஞர்களைப் பிடித்து, சகிப்புத்தன்மை பற்றி நூல் எழுதி, 1765 மார்ச்சில் அந்தத் தீர்ப்பைச் செத்தவர் பெயரிலிருந்து அழிக்க வைத்தார்.

இதற்கு நடுவில் 1764-இல் மிலானிலிருந்து 26 வயது செசாரே பெக்காரியா குற்றங்களும் தண்டனைகளும் என்ற சின்னப் புத்தகத்தைப் பெயர் போடாமல் வெளியிட்டார். சித்திரவதை உண்மையைக் கண்டுபிடிக்காது, பலமான குற்றவாளி தப்பிப்பான், பலவீனமான நிரபராதி மாட்டுவான் என்றார். தீர்ப்பு வரும்வரை யாரையும் குற்றவாளி என்று நடத்தக்கூடாது, தண்டனை தேவைக்கு மேல் போகக்கூடாது, சட்டத்தில் முன்பே எழுதியிருக்க வேண்டும் என்றார். 8-ஆம், 9-ஆம் பிரிவுகளைப் படித்தால் அவர் வரிகளே சுருக்கமாக வந்து நிற்பது தெரியும். 1786-இல் இத்தாலியப் பகுதியான டஸ்கனியின் ஆட்சியாளர் லெயோபோல்ட் சித்திரவதையையும் மரண தண்டனையையும் நீக்கினார். பிரான்சிலும் புரட்சிக்கு முன்பே, 1780-இலும் 1788-இலும் இரண்டு கட்டமாகச் சித்திரவதை நீக்கப்பட்டது. இவ்வளவு வேகமாக, இவ்வளவு நேரடியாகப் பலன் கொடுத்த நூல் அந்த நூற்றாண்டில் வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகம்தான்.

வால்டேரின் வழக்குகளில் ஒன்று நம் மண்ணைத் தொடுகிறது. 1761 ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் இழந்த தளபதி லாலியைப் பிரான்சில் துரோகி என்று விசாரித்தார்கள். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள விடவில்லை. 1766 மே மாதம், பேசிவிடக்கூடாது என்று வாயைக் கட்டி இழுத்துப்போய்த் தலையை வெட்டினார்கள். வால்டேர் அவர் மகனோடு சேர்ந்து வருடக்கணக்கில் போராடினார்; தீர்ப்பு ரத்தான செய்தி 1778 மே மாதம் மரணப் படுக்கையில் இருந்த வால்டேருக்கு எட்டியது. அந்த மகன் 1789-இல் பிரகடனத்தை நிறைவேற்றிய சபையிலேயே உறுப்பினர். சரி, லாலிக்கு நடந்தது அநீதிதான். ஆனால் 1758-இல் தஞ்சாவூர் மேல் படையெடுத்துப் போகும் வழியில் இதே லாலி கீழ்வேளூர் கோயிலைச் சூறையாடி, அங்கிருந்த பிராமணர்கள் சிலரை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். அவர்களுக்கு வழக்கறிஞர் என்ன, விசாரணையே கிடையாது. லாலிக்கும் கலாஸுக்கும் நியாயம் கேட்க ஒருவர் இருந்தார், கீழ்வேளூர்க்காரர்களுக்காகப் பாரிசில் யாரும் வழக்குப் போடவில்லை.

யாருடைய உரிமை என்ற இந்தக் கேள்வியில்தான் பிரகடனம் மிக மோசமாகத் தவறியது. சபை இந்தப் பிரிவுகளை ஒவ்வொன்றாக விவாதிக்கத் தொடங்கிய அதே ஆகஸ்ட் 20 அன்று பாரிசில் காலனித் தோட்ட முதலாளிகள் தங்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள், மாசியாக் சங்கம் என்று பெயர். இந்த உரிமைகள் கரும்புத் தோட்டம்வரை போய்விடாமல் தடுப்பதுதான் அவர்கள் வேலை. அதற்கு அவர்களுக்குச் சொத்துரிமையைவிட நல்ல ஆயுதம் கிடைக்கவில்லை. இன்றைய ஹெய்ட்டியான சான் தொமாங்கில் அப்போது ஏறக்குறைய 5 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். அவர்கள் யாருடைய பிரகடனத்துக்கும் காத்திருக்காமல் 1791 ஆகஸ்டில் எழுந்தார்கள். 1794 பிப்ரவரியில் பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்தது என்று எழுதுகிறோமே, அது அவர்கள் ஏற்கெனவே வென்றெடுத்ததை ஒப்புக்கொண்டதுதான். 1802-இல் நெப்போலியன் அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவந்தபோதும் அவர்கள் சண்டையிட்டு 1804 ஜனவரி 1 அன்று தனி நாடு கண்டார்கள். 1825-இல் பிரெஞ்சு மன்னர் போர்க்கப்பல்களை அனுப்பி, முதலாளிகள் இழந்த சொத்துக்கு ஈடாக 15 கோடி பிராங்க் கேட்டார். அந்தச் சொத்தில் விடுதலையான மனிதர்களின் விலையும் அடக்கம். பிறகு அதை 9 கோடியாகக் குறைத்தார்கள், ஆனாலும் அந்தக் கடன் ஹெய்ட்டியைத் தலைமுறைகளுக்கு நசுக்கியது.

பெண்களின் நிலையும் அப்படித்தான். ஒலாம்ப் தெ கூஜ் என்ற பெண் எழுத்தாளர் 1791-இல் பிரகடனத்தின் 17 பிரிவுகளுக்கும் பதிலாகப் பெண்ணுரிமைக்கு 17 பிரிவுகள் எழுதினார்; தூக்குமேடை ஏறப் பெண்ணுக்கு உரிமை இருக்கிறதென்றால் பேச்சுமேடை ஏறவும் உரிமை வேண்டும் என்று கேட்டார். 1793 நவம்பர் 3 அன்று கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரத்தில் அவரைக் கொன்றார்கள். எந்த வகை ஆட்சி வேண்டும் என்பதை மக்கள் வாக்குப் போட்டுத் தீர்மானிக்கட்டும் என்று சுவரொட்டி அச்சிட்டதுதான் குற்றம்.

புரட்சி அரசு தன் எதிரிகள் என்று நினைத்தவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற 1793-94 காலத்தைப் பயங்கர ஆட்சி என்பார்கள். அந்தக் காலத்தில்தான் பிரகடனத்தின் எந்தப் பிரிவுகளுக்கு உயிர் இருந்தது என்று தெரியவந்தது. சுதந்திரம், மக்கள் இறையாண்மை, பொது விருப்பம் எல்லாவற்றையும் அப்போதும் மேடைதோறும் பேசினார்கள், அந்தச் சொற்களை யாரும் கைவிடவே இல்லை. கைவிட்டது விசாரணை முறையை. 1794 ஜூன் 10 அன்று வந்த சட்டம் புரட்சி நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கிடையாது, விடுதலை அல்லது மரணம், இரண்டில் ஒன்றுதான் தீர்ப்பு என்றது. ஏழு வாரத்துக்குள் பாரிசில் மட்டும் 1,300-க்கும் மேற்பட்டோர் தலை உருண்டது. பொது விருப்பத்தின் பெயரால் நடந்ததால் அதைத் தடுக்க எந்த அதிகாரமும் எதிரே நிற்கவில்லை. மாண்டெஸ்கியூ சொன்ன எல்லை எங்குமே இல்லாமல் போனது.

இந்த 17 பிரிவுகளும் இன்றைக்கும் பிரான்சில் உயிரோடு இருக்கின்றன. 1958 அரசியலமைப்பின் முகவுரை பிரகடனத்தைக் குறிப்பிடுகிறது, அந்த முகவுரைக்கும் சட்ட பலம் உண்டு என்று 1971-இல், சட்டங்கள் அரசியலமைப்புக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் அரசியலமைப்பு மன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு அதை வைத்து நாடாளுமன்றத்தின் சட்டத்தையே தள்ளுபடி செய்யலாம் என்றானது. பழைய வாக்குவாதமும் அதோடு திரும்பி வந்தது. 1982-இல் அதிபர் மித்தெரானின் அரசு வங்கிகளையும் பெரிய தொழில்களையும் அரசுடைமை ஆக்கியபோது மன்றம் 17-ஆம் பிரிவைக் காட்டி, பங்குதாரர்களுக்குத் தரும் இழப்பீடு போதாது என்று சொல்லிச் சட்டத்தின் சில பகுதிகளை நிறுத்தியது. லாக் பேசினார் என்று வைத்துக்கொள்ளலாம். 2010 ஜூலையில் 9-ஆம், 16-ஆம் பிரிவுகளைக் காட்டிப் போலீஸ் காவல் முறையை அதே மன்றம் செல்லாது என்றது. அதுவரை காவலில் இருப்பவர் தன் வழக்கறிஞரை அரை மணி நேரம் பார்க்கலாம், ஆனால் போலீஸ் கேள்வி கேட்கும்போது வழக்கறிஞர் பக்கத்தில் உட்கார முடியாது. நாடாளுமன்றத்துக்கு 2011 ஜூலை வரை அவகாசம் கொடுத்தார்கள், ஏப்ரலிலேயே புதிய சட்டம் வந்தது. அதன்படி இப்போது பிரான்சில் காவலில் எடுக்கப்படும் எவரும், திருட்டு வழக்கோ கொலை வழக்கோ, பிரெஞ்சுக் குடிமகனோ காகிதமில்லாமல் வந்த வெளிநாட்டவரோ, விசாரணையின்போது வழக்கறிஞரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கேட்கலாம்.